நுரையில் சிக்கிய முள்

அலை திரும்பியபின் மணலில் நடுங்கிக் கிடக்கும் அழுக்கு நுரையை யாரும் பொருட்படுத்துவதில்லை. கடல் பூஞ்சை தேடுகிறவர்கள் அதைத்தான் வழித்துப் புட்டியில் அடைக்கிறார்கள். ஒரு சொட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் கொரோலோஸ்போரா மாரிட்டிமாவின் வித்துகள் கண்ணில் படலாம். ஒரு மில்லிமீட்டரை நாற்பதாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நீளம். இரு முனையும் கூம்பிய உடல், நடுவில் ஒரு தடுப்பு, முனைக்கொரு முள். போதாததற்கு வெளித்தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து இடுப்பிலும் நுனியிலும் நார்நாராய்த் தொங்கும். நுரையில் சிக்கி மிதக்கவும், மணலிலோ மரக்கட்டையிலோ ஒட்டிக்கொள்ளவும் இவைதான் துணை.

நிலத்துப் பூஞ்சைகள் பல தங்கள் வித்துகளைக் காற்றில் பீச்சியடிக்கும். தண்ணீருக்குள் அந்த வித்தை பலிக்காது. ஆகவே கடலுக்கு வந்த பலவற்றில், முதிர்ந்ததும் வித்துப் பையின் சுவரே கரைந்துவிடுகிறது. மற்றதை முள்ளும் நாருமாக வித்தில் தொங்கும் வால் பார்த்துக்கொள்ளும்.

இந்த வாலை வைத்துத்தான் வெகுகாலம் சாதி பிரித்தார்கள். 1944இல் அமெரிக்காவின் பார்கூர்னும் லிண்டரும் தொடங்கியதை, வட கரோலினாவில் யான், எரிகா கோல்மேயர் தம்பதி 1979இல் பெரிய நூலாகவே ஆக்கினார்கள். பொறுமை கேட்கும் வேலை அது. ஹாலோசார்ஃபியா என்ற கடல் பூஞ்சையின் வித்து நுனியில் முதலில் ஒரு குல்லாய்தான் தெரியும். தண்ணீரில் ஊறினால் நூற்கண்டு பிரிவதுபோல அது நீள இழையாக அவிழும். அவசரக்காரர் குல்லாய் என்றே எழுதி வைப்பார். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபிறகு, பார்வைக்கு ஒன்றாயிருக்கும் வால்கள் வெவ்வேறு வழியில் உருவாவதும் தெரிந்தது.

1998இல் மரபணு சாட்சிக்கூண்டில் ஏறியது. மேலே பார்த்த இரண்டும் அடங்கிய ஹாலோஸ்ஃபேரியா கூட்டமும் லுல்வொர்த்தியா கூட்டமும் நிலத்திலிருந்து தனித்தனியே கடலில் இறங்கியவை என்றானது. லுல்வொர்த்தியாவின் வித்தோ வாலே இல்லாத நீள நூல். நுனிகளில் பசை நிறைந்த சிற்றறைகள். 2000இல் அதற்குத் தனி வரிசையே வகுத்தார்கள். அவிழும் இழையும் ஒரே கிளைவழியின் சொத்தல்ல என்று தெரிந்ததும் ஹாலோசார்ஃபியா பேரினம் பல துண்டானது. என் பார்வையில், வால் சொல்வது பிறப்பை அல்ல, பிழைப்பை.

நியா விப்ரிஸாவைப் பாருங்கள். நீரில் ஊறிய கட்டையில் சில மில்லிமீட்டர் உருண்டையாக ஒட்டியிருக்கும். வித்தில் நாலைந்து மயிரிழைகள். கொரோலோஸ்போராவின் பங்காளி என்றே நினைக்கத் தோன்றும். நியாவோ குடையைத் தொலைத்துவிட்ட காளான்.