“நமக்கு வராது” என்று சொன்னது யார்?

செபராங் ஜெயாவில் பிறை தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களிடமும், நான்காம் படிவத்தில் எந்தப் பாடம் எடுப்பது என்று யோசிக்கும் பிள்ளைகளிடமும் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “நமக்கெல்லாம் அது வராது.” கணக்கு வராது, ஆங்கிலம் வராது, நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. கேட்டால் அனுபவத்தில் கண்ட உண்மை போல இருக்கும். எப்போது முயன்று பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால்தான் தெரியும், பெரும்பாலும் முயல்வதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது.

இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன, பிறகு ரப்பர் வந்தது. தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை 1910 வரை நீடித்தது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பா பார்த்த வேலைதான் காத்திருந்தது. அந்தக் காலத்தில் “நமக்கு இவ்வளவுதான்” என்று ஒரு தாய் சொல்லியிருந்தால், அவர் தன்னைத் தாழ்த்திப் பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன். கண்முன் இருந்த நிலைமையைச் சரியாகக் கணித்தார். பிள்ளை பெரிதாக ஆசைப்பட்டு அடிபடாமல் இருக்க அது காவலாகவும் இருந்தது. அந்த லயத்தைப் பார்த்தே இராத பேரப்பிள்ளையின் வாயில் அதே பேச்சு இன்றும் வருவதுதான் சிக்கல்.

இப்படிப்பட்ட எண்ணங்கள் மனத்துக்குள் எப்படி வேலை செய்கின்றன என்பதை 1960களில் கவனித்து எழுதியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக். மனச்சோர்வுடன் வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர்களுக்குள் வேறொரு ஓட்டம் ஓடுவதை அவர் கண்டார். தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் சட்சட்டென்று வந்துபோகும் எதிர்மறை எண்ணங்கள் அவை. யாரும் அவற்றை யோசித்து உண்டாக்குவதில்லை. தானாக வருவதாலேயே உண்மை என்று நம்பிவிடுகிறோம். சிபிடி என்று இன்று உலகெங்கும் வழங்கும் சிகிச்சைமுறை, அந்த எண்ணங்களைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கப் பழக்குவதில் தொடங்கியது.

இங்கே ஒரு தவறான புரிதலை விலக்க வேண்டும். நல்ல எண்ணத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று மேடைகளில் சொல்கிறார்களே, அது கெட்ட எண்ணமே வராமல் தடுப்பது அல்ல. தடுக்கவும் முடியாது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியைப் பற்றி ஐந்து நிமிடம் நினைக்கக் கூடாது என்று சிலரிடம் சொன்னார். அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. தடையை நீக்கிய பிறகு, தடையே இல்லாமல் நினைத்தவர்களைவிட அதிகமாக வந்தது. கண்ணாடி முன் நின்று “நான் வெற்றியாளன்” என்று சொல்லிக்கொள்வதும் எல்லோருக்கும் உதவுவதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் அப்படிப்பட்ட புகழ்மொழிகளைச் சொல்லிக்கொண்டபோது சொல்லாதவர்களைவிடச் சோர்ந்து போனார்கள். சொல்லும்போதே உள்ளே ஒரு குரல் “பொய்” என்கிறது. தன்னம்பிக்கை வகுப்பில் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் மனம் கனப்பவர்கள், தங்களிடம் ஏதோ குறை என்று நினைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நம் கையில் என்னதான் இருக்கிறது? வந்த எண்ணத்தை அப்படியே ஏற்பதா, விசாரிப்பதா என்பது இருக்கிறது. உள்ளே கிடைக்கும் விடுதலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஓர் உதாரணம். பிறையில் ஓர் ஆலையில் பல வருடமாக ஆப்பரேட்டராக இருக்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். லைன் லீடர் வேலைக்கு மனுப் போடச் சொல்கிறார் சூப்பர்வைசர். “மேனேஜர் முன்னால் எனக்குப் பேச வராது” என்று உடனே ஓர் எண்ணம். நெஞ்சு படபடக்கிறது. மனுப் போடவில்லை. அன்று மாலை மனம் லேசாகிறது. அந்த நிம்மதிதான் “வராது” என்ற நம்பிக்கையை இறுக்கும் ஆணி. போய்ப் பேசிப் பார்த்திருந்தால் வருமா வராதா என்று தெரிந்திருக்கும். போகாததால் “வராது” என்பது சோதிக்கப்படாமலே உண்மையாக நின்றுவிட்டது.

இவர் அந்த எண்ணத்தை வந்தபடியே ஒரு தாளில் எழுதலாம். அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று பார்க்கலாம். போன மாதம் மெஷின் நின்றபோது டெக்னீஷியனிடம் மலாயில் கோளாறை விளக்கியது யார்? புதிதாக வந்த பெண்ணுக்கு வேலை பழக்கியது யார்? பிறகு எழுதியதைத் திருத்தலாம்: “ஆங்கிலத்தில் தடுமாறுவேன். வேலையைப் பற்றி மலாயில் தெளிவாகப் பேசுவேன்.” இதில் புகழ்ச்சி இல்லை, அதனால் மனம் இதை ஒப்புக்கொள்ளும். அடுத்து, ஷிப்ட் மாறும் நேரத்துக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசிப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் தாளோடு நின்றுவிடும். ஒருவருக்குத் தன் திறமையில் நம்பிக்கை வருவதற்கு மிக வலுவான காரணம், தானே செய்து முடித்த அனுபவம் என்று 1977இல் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா எழுதினார். தன்னைப் போன்ற ஒருவர் செய்து காட்டுவதைப் பார்ப்பதும் நம்பிக்கை தரும். பிறர் சொல்லும் ஊக்கமொழிக்கு அவ்வளவு வலு இல்லை.

தன்னைப் போன்றவரைப் பார்த்து வரும் இந்த நம்பிக்கையை மலேசியத் தமிழ்ச் சமூகம் நடைமுறையில் கண்டிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், இந்திய மாணவர்களுக்கு டியூஷன் நடத்தியதோடு, “நம்மால் முடியும்” என்ற எண்ணத்தை வளர்ப்பதையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. அங்கே பாடம் சொல்லித்தந்தவர்களில் பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தார்கள். தன்னைப் போலவே தோட்டத்திலோ அடுக்குமாடியிலோ வளர்ந்த ஓர் அண்ணன் கரும்பலகை முன் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, “நமக்கு வராது” என்பதன் எதிர்ச்சாட்சி கண்ணெதிரில் இருக்கிறது. நூறு சொற்பொழிவு அதைச் செய்யாது.

எல்லாத் தடையும் மனத்தில் இருப்பதாக மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. பணம் இல்லாமை, கிடைக்காத மேற்படிப்பு இடம், இரவு ஷிப்ட் முடித்து வந்து பிள்ளை பார்க்க வேண்டிய கட்டாயம், இவை எண்ணத்தை மாற்றினால் மறைவதில்லை. சிரமப்படுகிறவரிடம் “நினைப்பை மாற்று” என்பது கொடுமை. ஆனால் விசாரித்துப் பார்ப்பவருக்கு எது நிஜச் சுவர், எது பழைய பேச்சு என்று பிரித்தறிய முடிகிறது. உதாரணமாக, பள்ளிப் படிப்பு சரியாக அமையாதவருக்கும் எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் வழி திறந்தே இருக்கிறது. முதல் நிலையில் தொடங்கி, நான்காம் ஐந்தாம் நிலைகளில் டிப்ளோமா, உயர் டிப்ளோமா வரை போகலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் தாளும் பேனாவும் போதாது. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம்தான், அங்கே மனநலத்தைப் பற்றியும் பேசலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. இன்றே அழையுங்கள், வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால் பக்கத்தில் உட்கார்ந்து அழைக்கச் செய்யுங்கள்.