கிந்தாவில் வெள்ளீயம் தங்கியது எப்படி?

மலேசியாவில் ஈப்போவைச் சுற்றி ஏகப்பட்ட குளங்கள். பெரும்பாலானவை வெள்ளீயம் தோண்டிய குழிகள். அந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கு பணக்கார ஊரானதற்குக் கிழக்கே நிற்கும் கிரானைட் மலைத்தொடரைக் காரணம் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். மீதிப் பெருமை காலடியில் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு.

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பாறைக்குழம்பு ஆறி கிரானைட்டானது. சாதாரணக் கனிமங்களின் படிகத்துக்குள் வெள்ளீயம் எளிதில் அடங்காது. அதனால் கடைசிவரை மிஞ்சிய குழம்பிலும் வெந்நீரிலும் சேர்ந்து, விரிசல்களில் புகுந்து, கேசிட்டரைட் என்ற கருந்தாதுவாகப் படிந்தது. இதோடு நின்றிருந்தால் மலையைக் குடைந்துதான் எடுக்க வேண்டும்; செலவு கட்டுபடியாகாது.

வேலையைச் சுலபமாக்கியது மழை. மலை கரைந்து மணலாக ஓடிவந்தது. கேசிட்டரைட் தண்ணீரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு கனம், சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். மணலை ஆறு அடித்துக்கொண்டு போக, தாது அடியில் தங்கியது. அந்த அடித்தளமோ மழைநீர் அரித்த சுண்ணாம்புப் பாறை: கூரான முனைகளும் ஆழமான பள்ளங்களுமாக இருக்கும். பள்ளத்தில் விழுந்த தாதுவை எந்த வெள்ளமும் கிளப்பவில்லை. பிற்காலத்தில் சீனப் பெண்கள் ஆற்றில் நின்று 'டூலாங்' என்ற மரத்தட்டில் அலசி எடுத்ததும் இதே எடை வித்தியாசத்தை வைத்துத்தான். முறத்தில் புடைப்பதைப் போல. வெள்ளைக்காரக் கம்பெனிகள் மிதக்கும் தூர்வாரிக் கப்பல்களைக் கொண்டுவந்தன. 1938இல் கட்டிய ஒன்று தஞ்சோங் துவாலாங்கில் இன்னும் நிற்கிறது. 1982 வரை ஓடியது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து போனது. பிறகு ஏன் சுரங்கங்கள் மூடின? நல்ல படிவுகள் குறைந்துவந்தது உண்மை. ஆனால் மரண அடி சந்தையிலிருந்து விழுந்தது. விலை சரியாமலிருக்க உலக வெள்ளீய மன்றம் கடன் வாங்கிச் சரக்கை வாங்கிக் குவித்துக்கொண்டே இருந்தது. 1985 அக்டோபரில் கையில் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தை வெள்ளீய வியாபாரத்தையே நிறுத்தியது. விலை ஏறக்குறைய பாதியானது. செயற்கையாகத் தாங்கிய விலை என்றைக்கோ விழத்தான் வேண்டும்; விழுந்தது தொழிலாளி தலையில்.

இன்று இந்த உலோகத்தின் முதல் வாடிக்கையாளர் மின்னணுத் தொழில். 232 டிகிரியிலேயே உருகுவதால் சர்க்யூட் பலகையில் பற்றவைக்க இதைவிடத் தோதானது கிடையாது. வெள்ளீயத்தில் செய்த நம் ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் வைக்கக் கூடாது என்பதற்கும் அதே காரணம்தான். மலேசியாவோ இப்போது தோண்டுவதைவிட, வெளிநாட்டுத் தாதுவை வரவழைத்து உருக்குவதே அதிகம்.