மர இழைப்பு இயந்திரத்திற்கான ஒலித்தடுப்புக் கூடு

ஒலித்தடுப்புக் கூடு என்பது வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ இயக்கப்படும் மர இழைப்பு இயந்திரத்தின் இரைச்சலைக் குறைப்பதற்காக அதைச் சுற்றி அமைக்கப்படும், கழற்றி மாட்டக்கூடிய பெட்டி ஆகும். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், செம்பாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் அரை கிரவுண்டு (1200 சதுர அடி) மனைகளில் கட்டப்பட்ட வீடுகள் பல. அங்கே இயந்திரத்திற்கும் பக்கத்து வீட்டுச் சன்னலுக்கும் இடையே நான்கு மீட்டர் கிடைப்பதே அரிது. தச்சு வேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவருக்கும் அண்டை வீட்டாருக்கும் மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரைச்சலும் விதிகளும்

மேசை மீது வைக்கும் சிறிய இழைப்பு இயந்திரங்களில் கார்பன் பிரஷ் மோட்டார் இருக்கும். வேகமாகச் சுழலும் இவ்வகை மோட்டாரும் கத்தி மரத்தில் மோதும் ஓசையும் சேர்ந்து, இயக்குபவரின் காதருகே சுமார் 100 டெசிபெல் வரை எழும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்றுகள் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டார் இதைவிட அமைதியானது. மழுங்கிய கத்தி இரைச்சலைக் கூட்டும் என்பதால், கூடு செய்யத் தொடங்குமுன் கத்தியைத் தீட்டிப் பார்ப்பது நல்லது. செலவு குறைந்த முதல் மருந்து அதுவே.

இந்திய ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. வரம்பைவிட 10 டெசிபெல்லோ அதற்கு மேலோ மிகுந்தால் பாதிக்கப்பட்டவர் புகார் செய்யலாம். இந்த அளவு ஒரு கணத்தின் உச்சத்தைக் குறிப்பதன்று; குறிப்பிட்ட கால அளவின் சராசரியைக் குறிக்கும்.

கட்டமைப்பு

ஒலியைத் தடுப்பது எடை. தெர்மோகோலும் முட்டை அட்டையும் ஒட்டினால் ஓசை நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு; அவை எடையற்றவை என்பதால் ஓசையைத் தடுப்பதில்லை. 18 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ளது. 90 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட அடியற்ற கூட்டுக்குச் சுமார் 3.15 சதுர மீட்டர் பலகை வேண்டும். எடை 37 கிலோவை எட்டும். ஒருவர் தூக்க முடியாது. ஆகவே ஐந்து தனிப் பலகைகளாகச் செய்து, கொக்கித் தாழ்களால் பூட்டுவதே வழி. அப்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 முதல் 8 கிலோதான். மழையில் நிற்க வேண்டியிருப்பதால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் ஏற்றது. உட்புறத்தில் 50 மி.மீ. ராக் வுல் வைத்து, அதன் இழைகள் உதிராதபடி துணியால் மூடி, கம்பி வலை அடிக்க வேண்டும். மெத்தை ஃபோம் எளிதில் தீப்பற்றும். மரத்தூள் பறக்கும் இடத்தில் அதைத் தவிர்க்க வேண்டும்.

பலகைகள் சேரும் இடங்களில் ரப்பர் பட்டை ஒட்டாவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். கூட்டின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் குறையாது. கட்டை நுழையவும் வெளியேறவும் 33 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்தில் இரு வாய்கள் விட்டால் அதுவே இரண்டு சதவீதம். குறைவு 17 டெசிபெல்லுடன் நின்றுவிடும். வாய்களில் ரப்பர் கீற்றுகளைத் தொங்கவிட்டு, வெளியே ஓரடி நீளத்திற்கு ராக் வுல் பதித்த குழாய் போன்ற பெட்டியை நீட்டினால் நிலைமை மேம்படும்.

முழுவதும் அடைத்துவிட்டால் சென்னையின் மே மாத வெயிலில் மோட்டார் கருகிவிடும். தூசு உறிஞ்சியின் குழாயைக் கூட்டுக்குள் செலுத்தினால், அது தூளோடு சூடான காற்றையும் இழுத்து வெளியேற்றும். உள்ளே வரும் காற்றுக்கு இரண்டு முறை வளைந்து செல்லும் பாதை அமைக்க வேண்டும்; காற்று வளைந்து செல்லும், ஓசை பெரும்பகுதி பஞ்சில் அடங்கும். சுவிட்ச் கூட்டுக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் இருப்பது கட்டாயம்.

பயனும் எல்லையும்

காதருகே, அதாவது சுமார் ஒரு மீட்டரில், 100 டெசிபெல் என்றால் திறந்தவெளியில் நான்கு மீட்டரில் அது சுமார் 88 ஆகும். மதில் சுவர்கள் எதிரொலித்தால் இன்னும் கூடும். நாளில் 20 நிமிடம் மட்டுமே இயக்கினால், 16 மணி நேரப் பகலின் சராசரியில் அது 17 டெசிபெல் குறைந்து 71 ஆகிறது. இது புகாருக்குரிய 65-ஐத் தாண்டியதே. கூடு 15 டெசிபெல் குறைத்தால் 56. ஆக, கூடும் நேரக் கட்டுப்பாடும் சேர்ந்தே பயன் தரும். அதே இயந்திரத்தை நாள் முழுக்க ஓட்டினால் எந்தக் கூடும் காப்பாற்றாது. மேலும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் உறங்கும் முதியவருக்கும் சராசரிக் கணக்கு ஆறுதல் தராது. எந்த நேரத்தில் ஓட்டலாம் என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வது ராக் வுல்லைவிட மலிவு.

கூடு இருந்தாலும் இயக்குபவர் காதுக் கவசமும் முகக் கவசமும் அணிய வேண்டும். மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துள்ளது.

மழைக்காலம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூட்டின் மேற்பலகையைச் சற்றே சரிவாக வைத்து, அதன்மேல் தார்ப்பாய் விரிக்க வேண்டும். தார்ப்பாயை இயந்திரத்தின்மீதே இறுகச் சுற்றினால் உள்ளே நீர் வியர்த்து, இரும்புத் தட்டு துருப்பிடிக்கும். தட்டில் மெழுகு தேய்ப்பது வழக்கம். 2015 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்த முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்வான பகுதிகளில், செங்கல் மேடையை நம்பாமல் பலகைகளைக் கழற்றி இயந்திரத்தை மாடிக்கு ஏற்றிவிடுவதே பாதுகாப்பு.