ஒட்டுத்தாளை உரிக்காதீர்கள்

பழைய வீடியோ கேம்களை ஆய்வாளர்கள் இருந்த இடத்திலிருந்தே பார்க்க அனுமதி கேட்ட அமெரிக்க நூலகங்களின் கோரிக்கையை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. மறுவெளியீட்டுச் சந்தை கெடும் என்பது வெளியீட்டாளர் சங்கத்தின் வாதம். முடிவுக்கு ஆயுள் மூன்றாண்டு. 2027-இல் மறுபடி தீர்மானிக்க வேண்டும். அதற்குள் என்ன அவசரம், வெளியிடாமல் கைவிடப்பட்ட கேம்கள் நிறுவனத்தின் பெட்டகத்தில் பத்திரமாகத்தானே இருக்கும் என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறீர்கள்.

பத்திரம் என்பது நிறுவனங்களின் பேச்சு. 1990-களின் நடுவில் ஏறக்குறைய முடிந்த நிலையில் நின்டெண்டோ நிறுத்திவைத்த 'ஸ்டார் ஃபாக்ஸ் 2' 2017-இல் வெளிவந்ததை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அது விதிவிலக்கு. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களிலேயே 87 சதவீதம் விற்பனையில் இல்லை என 2023-இல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை கணக்கிட்டது. கடைக்கே வராத மாதிரிப் பிரதிக்கு யார் காவல்?

கார்ட்ரிட்ஜ் காலத்து மாதிரிகள் பெரும்பாலும் ஈப்ராம் சிப்பில் எழுதப்பட்டவை. அதன் ஒவ்வொரு நினைவறையிலும் ஆக்சைடு உறைக்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைத்திருப்பார்கள். அடைத்திருந்தால் 0, காலியாக இருந்தால் 1. மேலே உள்ள குவார்ட்ஸ் சன்னல் வழியாகப் புற ஊதாக் கதிர் பாய்ந்தால் அத்தனையும் வெளியேறிவிடும். அடுத்த பதிப்பை அதே சிப்பில் எழுதலாம். நேரடி வெயிலில் ஒரு வாரம், குழல்விளக்கு எரியும் அறையில் ஏறக்குறைய மூன்று ஆண்டு இருந்தால் போதும், அழிந்துவிடும் என்று தயாரிப்பாளர்களின் விவரத் தாள்களே சொல்கின்றன. சன்னல்மேல் ஒட்டுத்தாள் இருப்பது அதனால்தான். படம் எடுப்பதற்காக அதை உரிக்காதீர்கள்.

இருட்டில் வைத்தாலும் எலக்ட்ரான் மெல்லக் கசியும். ஆனால் கசிவு ஒரே திசையில் போகிறது: 0 தான் 1 ஆகிறது. ஆகவே சிப்பைப் பலமுறை படிக்கையில் ஒரு பிட் 0, 1 என்று மாறி மாறித் தடுமாறினால், முதலில் எழுதியது பெரும்பாலும் 0 தான் என்று கொள்ளலாம். மின்னழுத்தத்தைச் சற்றே குறைத்துப் படித்தால், பாதி வடிந்த அறையும் தன் பழைய 0-ஐக் காட்டிவிடும். சேதத்தின் போக்கையே துப்பாகப் பயன்படுத்தும் இந்த உத்தி எனக்குத் தீராத வியப்பு. முழுக்க வடிந்த அறையிடம் மட்டும் இது பலிக்காது. சரிபார்க்க இரண்டாவது பிரதி அநேகமாக இருக்காது. படித்தது சரியா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையும் பல மாதிரிகளில் நிரப்பப்படாமலே கிடக்கும். எனவே 2027 வரை பொறு என்று சட்டம் சொல்லலாம், சிப் பொறுக்காது.

இனி உங்கள் மற்ற கேள்விகள். மாதிரிகளை வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் நகலெடுக்க விடுவதில்லையே? நகல் பரவினால் தம் பிரதியின் விலை சரியும் என்ற பயம்.

விட்டவர்கள் உண்டா? 1991-இல் கண்காட்சியோடு நின்றுபோன என்.இ.எஸ். 'சிம்சிட்டி'யை 2018 இறுதியில் அந்த அறக்கட்டளை பொதுவில் வைக்க முடிந்தது அப்படித்தான்.

கைவிட்ட கேமின் உரிமை? நிறுவனத்துடையதே.

பரணில் இப்படி ஒரு கார்ட்ரிட்ஜ் கிடைத்தால்? கருவியில் செருகிப் பார்க்குமுன் நகலெடுக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.