புதுச் சக்கரம் மாட்டியதும் கார் கிடுகிடு!
தொப்பூர் இறக்கத்தில் பிரேக் உதறியது ஏன்?

தர்மபுரி:

ஆசை ஆசையாக அலாய் சக்கரம் வாங்கி மாட்டினார். மறுநாளே ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தது. சில வாரங்களில் பிரேக்கை மிதித்தால் காலே உதறியது. டிஸ்க்கை மாற்றினார். பேடை மாற்றினார். ஆட்டம் நின்றபாடில்லை!

கடைசியில் பார்த்தால், கோளாறு பிரேக்கில் தொடங்கவே இல்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

என் நண்பர் ஒருவர் தர்மபுரியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வாரம் ஒரு தடவை சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்கு பார்க்கப் போவார். சின்னக் கார்தான். கம்பெனி கொடுத்த 14 அங்குல இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 15 அங்குல அலாய் சக்கரம் நான்கு மாட்டினார். பளபள என்றுதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

80 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. 100-ஐ நெருங்கினால் கொஞ்சம் அடங்கியது. மெதுவாகப் போகும்போது முன்பக்கம் "கிர்... கிர்..." என்று ஒரு சத்தம். புதுசு இல்லையா, போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

கணவாயில் கலக்கம்

தர்மபுரியில் இருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலை எண் 44. நம் பக்கம் இருந்து போனால் முழுக்க இறக்கம். இறக்கத்திலேயே வளைவு. முன்னால் லாரி, பின்னால் லாரி.

2020-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி இங்கே ஒரு லாரி தறிகெட்டு ஓடி, வரிசையாக நின்ற கார்களை நொறுக்கியது. 4 பேர் பலி. 2024-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி மறுபடியும் ஒரு கோர விபத்து. அதிலும் 4 பேர் பலி. அவை லாரிகளால் வந்த விபத்துகள்; கார் சக்கரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பிரேக்கை நம்பி இறங்க வேண்டிய இடம் அது. அங்கே போய் "பிரேக் பிடிக்கிறதா, உதறுகிறதா" என்று யோசிக்க நேரம் கிடையாது.

அந்த இறக்கத்தில்தான் நண்பருக்கு முதல் தடவை பிரேக் பெடல் காலைத் திருப்பித் தள்ளியது. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். டேஷ்போர்டு மேல் வைத்த சாவிக்கொத்து குதித்து என் மடியில் விழுந்தது.

டிஸ்க் மாற்றியும் தீரவில்லை

ஒரு பட்டறைக்குப் போனார். "டிஸ்க் வளைஞ்சு போச்சுங்க, மாத்திடுங்க" என்றார்கள். புது டிஸ்க், புது பேடு. பிரேக் உதறல் நின்றது. ஆனால் 80-ல் வரும் ஸ்டீயரிங் ஆட்டம் அப்படியே இருந்தது. "கிர்... கிர்..." சத்தமும் போகவில்லை. சுமார் இரண்டு மாதத்தில் பெடல் உதறலும் திரும்பி வந்துவிட்டது!

பிறகுதான் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி:

"டிஸ்க்கை மாத்தினியே தம்பி, சக்கரத்தைக் கழட்டிப் பாத்தியா?"

"இல்லைங்கண்ணே."

சக்கரத்தைக் கழற்றியதும் ஒவ்வொன்றாக வெளிவந்தது.

சக்கரத்தின் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது. காரின் ஹப்பில் நடுவே ஒரு மேடு இருக்கிறது. கம்பெனிச் சக்கரத்தில் இந்த ஓட்டை அந்த மேட்டின் மேல் கச்சிதமாக உட்காரும். பல சின்னக் கார்களில் மேட்டின் அளவு 54.1 மில்லி மீட்டர். வெளிச் சக்கரம் செய்கிறவர்கள் பல காருக்கும் பொருந்தட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக, 73.1 மில்லி மீட்டர் வரைக்கும் விடுகிறார்கள். சுற்றிலும் ஒன்பதரை மில்லி மீட்டர் இடைவெளி! அதை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். பிளாஸ்டிக்கிலும் உண்டு, அலுமினியத்திலும் உண்டு. நண்பர் காரில் நான்கு சக்கரத்திலும் வளையம் இல்லை.

வளையம் பாரம் தாங்குவது இல்லை. பாரத்தைத் தாங்குவது நட்டின் இறுக்கம்தான். மாட்டும்போது சக்கரம் நடு மையத்தில் உட்கார வளையம் உதவும், அவ்வளவே. வளையம் இல்லாவிட்டாலும் கூம்பு நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் சக்கரம் மையத்துக்கு வந்துவிடும். ஆனால் டயர் கடைகளில் நடப்பது என்ன? காற்றுத் துப்பாக்கியை வைத்து "டர்ர்ர்" என்று முதல் நட்டை ஒரே அடியாக அடித்துவிடுகிறார்கள். சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கி அங்கேயே பூட்டிக்கொள்கிறது.

அந்தச் சக்கரத்தை மெஷினில் வைத்து எவ்வளவு பேலன்ஸ் பார்த்தாலும் குறை தெரியாது. மெஷினில் அது மையத்தில் சுற்றுகிறது. காரில்தான் கோணல்!

30 கிராம், 3 கிலோ

எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. இருந்தாலும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 15 அங்குலச் சக்கரம் 80 கிலோ மீட்டர் வேகத்தில் வினாடிக்கு 11 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அதன் விளிம்பில் வெறும் 30 கிராம் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் கிட்டத்தட்ட 3 கிலோ இழுப்பு! வினாடிக்கு 11 தடவை 3 கிலோ சுத்தியலால் தட்டினால் ஸ்டீயரிங் ஆடாமல் என்ன செய்யும்?

சரி, பிரேக் ஏன் கெட்டது? ஹப்பின் முகத்தில் பழைய துரு பொருக்குப் பொருக்காக இருந்தது. அதன் மேலேயே புது டிஸ்க்கையும் வைத்துச் சக்கரத்தைப் பூட்டியிருக்கிறார்கள். நட்டுகளும் ஒன்று அதிக இறுக்கம், ஒன்று குறைவு. இதனால் டிஸ்க் சுற்றும்போது மயிரிழை அளவு பக்கவாட்டில் ஆடுகிறது. ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆடினாலே போதும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசும். சில ஆயிரம் கிலோ மீட்டரில் அந்த இடம் தேய்ந்து, டிஸ்க்கின் தடிப்பு ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவுமாக ஆகிவிடும். அப்புறம் மிதித்தால் பெடல் உதறும். டிஸ்க் "வளைந்தது" என்று சொல்லி மாற்றுவதில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்று பெரியவர் சொல்கிறார். காரணத்தை விட்டுவிட்டு டிஸ்க்கை மட்டும் மாற்றினால், இரண்டு மாதத்தில் புது டிஸ்க்கும் அதே கதி.

"கிர்... கிர்..." சத்தம்? சிரிப்புத்தான் வந்தது. பேலன்சுக்காக உள்பக்கம் ஒட்டிய ஈயக் கட்டி, பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் மேல் உரசிக்கொண்டு இருந்தது. கட்டியின் ஓரம் வெள்ளி மாதிரி மின்னியது.

காசில்லாத சோதனை

பட்டறைக்குப் போகுமுன் நாமே சிலவற்றைக் கண்டுபிடிக்கலாம். பிரேக்கைத் தொடாமல், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஆடினால் சக்கரத்தின் மேல் சந்தேகம் வேண்டும். மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க் அல்லது டிரம். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம்; சீட் ஆடினால் பின்சக்கரம்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. பழைய இரும்புச் சக்கரத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதை மறுபடி மாட்டி அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் போய்விட்டால் குற்றவாளி புதுச் சக்கரம். போகவில்லை என்றால்தான் டிஸ்க்கிலும் ஹப்பிலும் கைவைக்க வேண்டும். டிஸ்க் வாங்கும் காசுக்கு முன்னால் ஒரு மணி நேர வேலை, அவ்வளவுதான்.

நட்டு விஷயத்தில் உயிரே இருக்கிறது. இரும்புச் சக்கரத்தைவிட அலாய் சக்கரம் தடிமன். அதனால் போல்ட்டில் நட்டு ஏறும் நீளம் குறையும். 12 மில்லி மீட்டர் போல்ட்டு, ஒன்றரை மில்லி மீட்டர் மரை என்றால் நட்டு 8 சுற்றாவது ஏற வேண்டும். கையால் திருப்பும்போதே எண்ணிவிடலாம். நாலைந்து சுற்றில் நின்றுவிட்டால் அந்தச் சக்கரத்தை மாட்டாதீர்கள்! கூம்பு நட்டு போடவேண்டிய இடத்தில் உருண்டை முக நட்டு போட்டாலும் ஆபத்து. ஒட்டாமல் நின்று, ஓட ஓடத் தளர்ந்துவிடும்.

போல்ட்டு வட்டத்தின் அளவும் அப்படியே. 98 மில்லி மீட்டர் வட்டம் உள்ள பழைய பியட் புன்ட்டோ போன்ற கார்களில் 100 மில்லி மீட்டர் சக்கரத்தை இழுத்துப் பிடித்து மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போய்விடும். ஆனால் ஒரு நட்டும் நேராக உட்காராது.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காரோடு கொடுத்த புத்தகத்திலேயே இருக்கிறது. சின்னக் கார்களுக்கு ஏறக்குறைய, ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 10 கிலோ தொங்கவிட்ட அளவு. அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கச் சொல்லுங்கள். 50, 100 கிலோ மீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

கம்பெனி சொன்ன அளவை மீறிய சக்கரம் போட்டால் போலீசும் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் தடை இருக்கிறது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். ஜெயிலும் உண்டு.

சரியானது எப்படி?

பெரியவர் செய்த வேலை பெரிசு ஒன்றும் இல்லை. கம்பி பிரஷ் வைத்து ஹப்பின் துருவைத் தேய்த்து எடுத்தார். அளவான வளையம் நான்கு போட்டார். ஈயக் கட்டியை உரசாத இடத்துக்கு மாற்றி ஒட்டச் செய்தார். டிஸ்க்கை லேத்தில் பிடித்து ஒரு சுற்று சீவினார். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே நட்டுகளைக் குறுக்கே குறுக்கே இறுக்கினார்.

மறு வாரம் நண்பரோடு நானும் சேலம் போனேன். தொப்பூர் இறக்கத்தில் சாவிக்கொத்து இருந்த இடத்தில் இருந்தது.

முதலில் கழற்றிப் போட்ட பழைய டிஸ்க் இரண்டையும் பெரியவரிடம் காட்டினார் நண்பர். அளந்து பார்த்தார். தடிப்பு இன்னும் போதுமானது இருக்கிறதாம். லேத்தில் ஒரு சுற்று பிடித்திருந்தால் அதுவே ஓடியிருக்கும் என்றார். நண்பர் ஒன்றும் பேசவில்லை. அந்த டிஸ்க் இரண்டும் இப்போது கடையில், காற்றில் பறக்காமல் இருக்கச் சாக்குகளின் மேல் பாரமாக உட்கார்ந்திருக்கின்றன.