சபைக் கூச்சமும் தாயின் முகமும்

சென்னைக் கோபாலபுரத்தை ஒட்டிச் செல்லும் பழைய லாயிட்ஸ் சாலைக்கு இப்போது அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். ஆண்டு விழாக் காலத்தில், காகித மகுடமும் ஒட்டு மீசையும் தரித்த குழந்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவ்வழியே பள்ளிக்கு விரையும் பெற்றோரில் எத்தனை பேர், 1912இல் பிறந்து ஆறாம் வயதிலேயே நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் சேர்ந்த டி.கே.சண்முகத்தின் பெயரைத் தாங்கிய வீதி அது என்று நினைப்பார்களோ, அறியேன். நினைத்தால் ஒரு கேள்வி எழாமற் போகாது: அந்தக் காலத்துப் பாலகர்கள் கொட்டகை நிறைந்த ஜனங்களுக்கு முன்னே இரவெல்லாம் நடித்திருக்க, நம் வீட்டுக் குழந்தை இரண்டு நிமிஷப் பாட்டுக்கு முன் திரை மறைவில் நின்று விம்முவானேன்?

பயந்த சுபாவம் என்று அதன்மேல் பழி போடுவது நியாயமன்று. மூளையின் உட்புறத்தே உள்ள அமிக்டலா என்னும் பகுதி அபாயம் என்று அறிவித்த மாத்திரத்தில், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்க, இருதயம் விரைந்து, தோலுக்கும் வயிற்றுக்கும் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புவதனால்தான் உள்ளங்கை சில்லிடுகிறது, வயிற்றைப் பிசைகிறது, நா வறள்கிறது. இவ்விகாரங்கள் யாவும் போரிடவோ தப்பி ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தமே என்று ஹார்வர்டு சர்வகலாசாலையின் வால்டர் கானன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். புலியின் முன் உதவக்கூடிய இந்த ஆயத்தம், அசையாமல் நின்று வணக்கம் சொல்லவேண்டிய சிறுவனுக்கு உபத்திரவமாகவே முடிகிறது. 'பயப்படாதே' என்ற அதட்டலினால் சுரந்த அட்ரினலின் திரும்பிப் போய்விடாது. மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடச் சொல்வது மேல். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பு இருதயத்தின் வேகத்தைச் சற்றே தணிக்கிறது. 2014இல் அலிசன் உட் புரூக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், பாடுவதற்கு முன் 'பதற்றமாயிருக்கிறது' என்று சொன்னவர்களைவிட 'உற்சாகமாயிருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பாடியதைக் கண்டார். அவர் சோதித்தது வயதுவந்தோரையே. ஆயினும் வீட்டில் செய்து பார்ப்பதில் நஷ்டம் ஏதுமில்லை.

பாலர் சபைகளின் ரகசியம் வேறிடத்தில் இருந்தது. அங்கே வாத்தியார் சொல்லச் சொல்லப் பாடத்தை உருவேற்றி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் என்னும் ஸ்திதியை எய்திய பின்னரே பிள்ளைகள் வேஷம் கட்டினர். (பிரம்படியும் அந்தச் சிட்சையில் சேர்ந்திருந்தது; அதை நாம் சுவீகரிக்க வேண்டியதில்லை.) அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் இளம் சண்முகத்துக்காக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடக உலகில் பிரசித்தம், அதாவது, வேஷத்துக்குப் பிள்ளையைத் தேடாமல் பிள்ளைக்கு ஏற்ற வேஷத்தைச் சமைத்தார். பார்க்கும் ஜனங்கள் இருப்பதால் நன்கு பழகிய காரியம் மேலும் சிறக்கும், அரைகுறையாகப் பழகியது மேலும் குலையும் என்று ராபர்ட் ஸயோன்ஸ் என்னும் உளவியலார் 1965இல் எடுத்துக்காட்டியபோது, நம் நாடக வாத்தியார்கள் அனுபவத்தால் அறிந்திருந்ததற்கே சாஸ்திர ஆதாரம் கிடைத்தது எனலாம். விழாவுக்கு முந்தைய வாரம் புதிதாக இரண்டு அடி சேர்த்து அழகு பார்க்கும் ஆசிரியர்கள் இதைச் சிந்திப்பார்களாக.

எல்லாவற்றினும் எனக்கு விசேஷமாகத் தோன்றுவது அமெரிக்காவில் நடந்து 1985இல் வெளியான ஒரு பரிசோதனை. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடித் தளம் ஒன்றின்மேல் தவழவிட்டார்கள். நடுவழியில் கண்ணாடியின் கீழே சிறு பள்ளம் தெரியும். போகலாமா கூடாதா என்று திகைத்த சிசு எதிரே நின்ற தாயின் முகத்தை நோக்கிற்று. தாய் முகமலர்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பள்ளத்தைக் கடந்து வந்தன. அச்சம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. இன்னது அபாயம், இன்னது அன்று என்ற அபிப்பிராயத்தைக் குழந்தை முதலில் நம் முகத்திலிருந்தே கிரகிக்கிறது. முகம் இல்லாவிடினும் குரல் உதவும்: 2010இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், அன்னியர் முன் பேசியும் கணக்குப் போட்டும் கலங்கிய 7 முதல் 12 வயதுச் சிறுமியருக்கு, தொலைபேசியில் கேட்ட தாயின் குரலே நேரில் அணைத்ததற்கு ஏறக்குறைய ஒப்பான ஆறுதலைத் தந்து, கார்ட்டிசால் என்னும் சுரப்பைத் தணித்தது.

சில குழந்தைகள் பிறவியிலேயே கூச்சம் மிகுந்தவர்கள். அவர்களை முன்வரிசையில் தனியே நிறுத்துவதும் தவறு, அழுகிறதென்று விழாவையே விலக்கிவிடுவதும் தவறு. கூட்டத்தில் ஒரு மரமாகவோ மானாகவோ நிற்கட்டும், வேஷம் அடுத்த ஆண்டு வளரும்.

இப்போதெல்லாம் திரை விலகியதும் குழந்தை தன் தாய் தந்தையரைத் தேடிப் பார்க்க, அரங்கம் முழுவதும் முகங்களுக்குப் பதில் உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளே தெரிகின்றன. படத்தைப் பள்ளிக்கூடத்தாரே எடுத்துத் தருவார்கள். பெற்றோர்களே, கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு, குழந்தையின் கண்ணுக்குப் படும் இடமாகப் பார்த்து உட்காருங்கள்.