வங்காளத்துச் சங்கு வளையும் தூத்துக்குடி மச்சான் கயிறும்

சியால்தா லோக்கல் ரயிலில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வங்காளிப் பெண்களின் கைகளைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். காரியாலயத்துக்குப் போகிறவரானாலும் சரி, காய்கறிக் கூடையோடு ஏறுகிறவரானாலும் சரி, கல்யாணமானவர்களில் பலருக்கு இரண்டு கைகளிலும் வெள்ளை வெளேரென்று ஒரு சங்கு வளையல் இருக்கும். அதை ஒட்டிச் சிவப்பாக இன்னொரு வளையல் இருக்கும். வெள்ளையை 'ஷாங்கா' என்றும் சிவப்பைப் 'போலா' என்றும் இங்கே சொல்கிறார்கள்.

நம் பக்கத்தில் தாலிக்கு என்ன மதிப்போ, அந்த மதிப்பு இங்கே வெள்ளை வளையலுக்கு. கல்யாணத்தின்போது கையில் ஏறுவது, கணவன் இருக்கும்வரை இறங்கக் கூடாது என்பது சம்பிரதாயம். கணவன் போய்விட்டால் அதை உடைத்துவிடுவது பழைய வழக்கம்.

இந்த வளையல் எந்த ஊர்ச் சரக்கு என்று விசாரித்தால் பிஷ்ணுபூர் என்பார்கள், பாங்குரா என்பார்கள், வயதானவர்கள் டாக்கா என்பார்கள். அறுப்பதும் மெருகேற்றுவதும் அங்கேதான். ஆனால் வளையலுக்கு ஏற்ற கனத்த சங்கு வங்காளத்துச் சேற்றுக் கடலில் விளைவதில்லை. அது வரும் கடல்களில் முக்கியமானது நம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் ஆழத்தில் இறங்கிச் சங்கை எடுத்து வந்தவர்கள் மூச்சை அடக்கிக் குளித்த நம் ஆட்கள்.

சங்கு மேயும் பூமி

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டினாற்போல் 21 சிறு தீவுகள் வரிசையாக உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே இருப்பவை வான் தீவு, காசுவார் தீவு முதலியவை. இவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். பாறைகளுக்கு அப்பால் மணல் தரை. முத்துச் சிப்பி பாறையில் ஒட்டி வளரும். அந்த இடத்துக்குப் 'பார்' என்று பெயர். சங்கு அப்படியல்ல. மணலில் ஊர்ந்து புழுக்களைத் தின்று வாழும் பிராணி அது. ஆகவே சங்கு கிடைக்கும் தரையைப் 'பூச்சி நிலம்' என்பார்கள்.

சங்கு ஊர்ந்து போன இடத்தில் மணலில் ஒரு தடம் விழும். தேர்ந்த குளிகாரர் சங்கைத் தேடுவதில்லை. தடத்தைத் தேடுவார். தடம் முடிகிற இடத்தில் பாதி புதைந்தபடி சங்கு இருக்கும்.

வளையலுக்கு உயிருள்ள சங்குதான் உயர்ந்தது. செத்துக் கிடந்த சங்கைப் புழு அரித்திருக்கும், வெண்மையும் மங்கியிருக்கும். எனவே யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும்.

கச்சானுக்கு முன்

தூத்துக்குடிப் பக்கத்தில் சங்கு குளிக்கும் சீசன், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து கடல் தெளிந்ததும் சூடு பிடிக்கும். வைகாசியில் கச்சான் காற்று வலுத்துவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும், சீசனும் முடிந்துவிடும். தெளிந்த தண்ணீர் இல்லாவிட்டால் தடம் தெரியாது. தடம் தெரியாவிட்டால் அடக்கிய மூச்சு வீண்.

பாய்மரக் காலத்தில் விடியுமுன்பே, கரைக்காற்று வீசும்போதே வள்ளங்கள் புறப்படும். பிற்பகல் கடற்காற்று எழும்போது அதையே பிடித்துத் திரும்பும். வள்ளத்தில் ஏறுகிறவர்கள் ஒருவருக்கொருவர் அன்னியர் அல்ல. மாமன், மச்சான், ஒரே தெருவில் கோலி விளையாடிய கூட்டாளிகள். தூத்துக்குடியில் இவர்களில் பெரும்பாலோர் பரதவர் குலக் கிறிஸ்தவர்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தில் முஸ்லிம்கள். எடுத்த சங்கு போய்ச் சேர்வதோ வங்காளத்து இந்துக் கல்யாண வீட்டுக்கு. யாரும் திட்டம் போட்டு ஏற்படுத்தாத ஒற்றுமை இது.

இரண்டு பேருக்கு ஒரு கல்

பழைய முறை எளிமையானது. கயிற்றில் கட்டிய கனமான கல் ஒன்று. குளிகாரர் அதில் கால் வைத்து நின்று, மூச்சை நிறைய இழுத்துக்கொள்வார். கல் அவரை விறுவிறுவென்று அடிக்குக் கொண்டு போகும். அடியைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். இடுப்பிலோ கழுத்திலோ வலைப்பை. கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் ஆளை இழுத்துவிடுவார்.

முத்துக் குளிப்பில் இரண்டு பேருக்கு ஒரு கல் என்பது வழக்கம். ஒருவர் இறங்கும்போது மற்றவர் மேலே இளைப்பாறுவார். இளைப்பாறுவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

பிற்காலத்தில் கல் போய், முகத்துக்குக் கண்ணாடி வந்தது. காலில் துடுப்புப் போல அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு நீந்தி இறங்கினார்கள். ஆழத்தைப் பாகக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு பாகம் சுமார் 6 அடி. சாதாரணமாக ஒரு முழுக்குக்கு ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம். இப்படி ஒரு நாளில் பல முழுக்கு.

உடம்பு படும் பாடு

தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும், அதாவது ஐந்தரைப் பாகத்துக்கும், மேலே நாம் தாங்குகிற காற்றின் அழுத்தத்தைப் போல இன்னொரு பங்கு உடம்பின் மேல் ஏறும். மேலே நிறைத்துக்கொண்ட காற்று 10 மீட்டரில் பாதியாகச் சுருங்கும். முதலில் காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊதிச் சரி செய்யத் தெரியாவிட்டால் செவிப்பறை கிழியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சத்தமில்லாதது. மூச்சு முட்டுகிறது என்று நமக்குத் தோன்றுவது பிராணவாயு தீர்ந்ததால் அல்ல; உடம்பில் கரியமில வாயு சேர்வதால். அதுதான் எச்சரிக்கை மணி. இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கலாம் என்று, இறங்குமுன் பலமுறை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் கரியமில வாயு குறைந்துவிடும். பிராணவாயு அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. பிராணவாயு தீர்ந்த பிறகும் மணி அடிக்காது. ஆளுக்குச் சிரமமே தெரியாது. மேலே ஏறி வரும்போது அழுத்தம் குறையக் குறைய, நெஞ்சில் மிஞ்சியிருக்கும் பிராணவாயுவின் அழுத்தமும் குறையும். தலை தண்ணீருக்கு மேலே வரும் தறுவாயில் நினைவு தப்பிவிடும்.

அந்த நேரத்தில் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள எவராலும் முடியாது. எஞ்சின் டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் பின்னால் நடப்பதைக் கவனிக்க ரயிலுக்குக் கார்டு வேண்டியிருக்கிறது அல்லவா? குளிகாரருக்கு அந்தக் கார்டு, மேலே இருக்கும் கூட்டாளி. அவர் உடனே கையைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். சற்றே கவனம் பிசகினால் பிணம்தான் கிடைக்கும். இன்று உலகெங்கும் பொழுதுபோக்காக மூச்சடக்கி நீந்துகிறவர்களுக்கும் ஈட்டியால் மீன் குத்துகிறவர்களுக்கும் சொல்லித் தரும் முதல் பாடமும் இதுவே: ஒருவர் கீழே, ஒருவர் மேலே; தனியாக இறங்காதே.

தங்கையின் தாலி

இந்தப் பாடத்தை நம் கடற்கரை தன் வழியில் கற்று வைத்திருந்தது. முத்துக் குளிப்பவரின் கயிற்றை அவர் மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான் என்று தூத்துக்குடிப் பக்கத்தில் சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குள் பங்காளித் தகராறு இருக்கலாம். கூலிக்குப் பிடிப்பவனுக்குக் கவனம் எங்கேயோ இருக்கலாம். மச்சானுக்கு அப்படி முடியாது. கயிற்றின் அந்த முனையில் இருப்பது தங்கையின் தாலி.

கடல் எடுத்துக்கொள்ளும் என்ற பயமும் பழையதுதான். முத்துக் குளிப்புக் காலங்களில் சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் 'கடற்கட்டி'களுக்குத் தனிப் பங்கு கொடுத்தார்கள். மார்க்கோ போலோவும் இந்த வழக்கத்தைக் குறித்திருக்கிறார். 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்ததோடு தூத்துக்குடி முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று. சங்கு நிற்கவில்லை. முத்தில்லாமலும் கல்யாணம் நடக்கும். வங்காளத்தில் சங்கில்லாமல் நடக்காது.

சங்கை அளந்த துளை

வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பின் நெடுங்காலமும் தூத்துக்குடிச் சங்கு அரசாங்கத்தின் ஏகபோகம். குளித்தவர் சங்கை மீன்துறையிடமே ஒப்படைக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு சங்கையும் அளவு பார்ப்பார்கள். விட்டம் இரண்டேகால் அங்குலத்துக்கு, அதாவது 57 மில்லிமீட்டருக்குக் குறைந்து, துளை வழியாக நழுவி விழும் சங்கு குஞ்சு. அதை உயிரோடு கடலுக்கே திருப்பிவிட வேண்டும். சங்கினம் அழியாமல் இருக்க வேண்டும் என்றே இவ்வளவு யோசித்து விதி செய்தார்கள்.

சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914ல் சங்கைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார். கொற்கையில் பழைய காலத்தில் அறுத்துப் போட்ட சங்குத் துண்டுகளை அவர் கண்டெடுத்தார். சங்கை வாளரத்தால் அறுத்து வளை செய்த செய்தி அகநானூற்றிலும் வருகிறது. ஆக, ஒரு காலத்தில் நம் பெண்களும் அணிந்த வளைதான் இது. நாம் விட்டுவிட்டோம், வங்காளிகள் விடவில்லை.

சங்கு அறுப்பவர்களை இங்கே 'ஷாங்காரி' என்கிறார்கள். டாக்காவில் அவர்கள் பெயரிலேயே ஒரு பஜார் உண்டு. 1947 பிரிவினைக்குப் பிறகு பல குடும்பங்கள் மேற்கு வங்காளத்துக்கு வந்துவிட்டன. முன்பு சங்கைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறை வடிவமான பெரிய வாளால் கையாலேயே அறுப்பார்கள். இப்போது மின்சாரத்தில் ஓடும் வட்ட வாள் வந்துவிட்டது. வங்காளிகளின் பழைய சங்கு வகைப் பட்டியல்களில் 'தித்குட்டி' என்று ஒரு பெயர் வருகிறது. தூத்துக்குடி என்ற பெயரின் சாயல் நம் காதுக்குத் தெரியாமல் போகாது.

கம்ப்ரஸர் வந்தது

சென்ற சில பத்தாண்டுகளில் தொழிலின் முகம் மாறிவிட்டது. கரைக்குப் பக்கத்துத் தரையில் சங்கு குறையக் குறைய, ஆழத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அடக்கிய மூச்சு அந்த ஆழத்துக்குப் போதாது. டயருக்குக் காற்றடிப்பது போன்ற கம்ப்ரஸரை வள்ளத்தில் ஏற்றினார்கள். நீண்ட குழாயின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினால் நெடுநேரம் தங்கலாம். ஒரு முழுக்கில் பை நிறையும்.

ஆனால் ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டுகள் வலிக்கும். சிலருக்குக் கால் விளங்காமல் போகும். சிலர் பிழைப்பதே இல்லை. எஞ்சின் புகை குழாய்க்குள் புகுந்தாலும் ஆள் கதி அதோகதி. மெள்ள மெள்ள, நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டும் என்பதற்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். அன்றாடம் கூலி பார்க்கிறவர்களுக்கு இரண்டும் வாய்ப்பது அரிது.

மச்சான் இன்றும் வள்ளத்தில் இருக்கிறார். ஆனால் கயிறு பிடித்தவருக்குக் கீழே இருப்பவனின் ஒவ்வொரு அசைவும் கையில் தெரிந்தது. குழாய் அப்படி எதையும் சொல்வதில்லை. உள்ளே இருப்பவனுக்கும் மூச்சு முட்டி, "போதும், மேலே வா" என்று உடம்பு அழைப்பதில்லை. மூச்சு ஒரு கஷ்டம்தான். ஆனால் அதுவே ஒரு காவலாகவும் இருந்தது.

இறங்காமல் இருந்தால் அடுப்பு எரியாது, இறங்கினால் உடம்பு போகும். வங்காளியில் 'ஷாங்கேர் கராத்' என்று ஒரு பழமொழி உண்டு. சங்கறுக்கும் வாள் போகும்போதும் அறுக்கும், வரும்போதும் அறுக்கும் என்பது பொருள். சங்கை அறுக்கிறவர்கள் சொன்னது சங்கை எடுக்கிறவர்களுக்குப் பொருந்துகிறது.

தீவுகளைச் சுற்றிய கடல் 1986ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே தொழில் செய்யக் கட்டுப்பாடுகள் உண்டு. அந்தப் பக்கத்தில் மூச்சடக்கும் தொழில் இன்றும் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பெண்களிடம். பாம்பனை அடுத்த ஊர்களின் பெண்கள் கூட்டமாகப் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுகிப் பாசி எடுக்கிறார்கள். மாதத்தில் சில நாட்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று தங்களுக்குள் ஏற்பாடும் செய்துகொண்டிருக்கிறார்கள். கடலும் பிழைக்க வேண்டும், தாமும் பிழைக்க வேண்டும் என்ற கணக்கு அது.

சங்குக் குஞ்சைக் காப்பாற்ற 57 மில்லிமீட்டர் என்று ஓர் அளவு வைத்தார்கள். அதை எடுக்க இறங்கும் மனிதன் எவ்வளவு ஆழம் போகலாம், எவ்வளவு நேரம் தங்கலாம், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்பதற்கும் அப்படி ஓர் அளவு வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல வள்ளத்தில் ஓர் ஆளும் வேண்டும். ஒரு வீட்டில் வளை ஏறுவதற்காக இன்னொரு வீட்டில் தாலி இறங்கக் கூடாது.